சத்தம் டிஸ்க்கிலிருந்துதானா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் “ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுது சார்” என்று வந்து இறங்கும் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை) ஃபேனில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் கேபினெட் ஃபேன் இறக்கையில் ஒயர் ஏதாவது உரசிக்கொண்டிருக்கும். அதனால் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் உருவிவிட்டுத்தான் மெஷினை ஆன் செய்வேன். சத்தம் தொடர்ந்தால் டிஸ்க் மேல் பழியில்லை. நின்றுவிட்டால்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல டிஸ்க்கும் ஊமையல்ல. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த வேகத்துக்கு ஒரு ரீங்காரம் இருக்கும். ஃபைல் படிக்கும்போது லேசாகக் கரகரக்கும். சும்மா இருக்கையில் எப்போதாவது ஒரு ‘க்ளக்’ கேட்டால், டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட், சுழலும் தட்டை விட்டு விலகி ஓரத்தில் போய் உட்கார்கிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

சீரான இடைவெளியில் டக், டக், டக் என்று வந்தால் விஷயம் வேறு. தட்டில் தான் எங்கே இருக்கிறோம் என்று ஹெட் தெரிந்துகொள்ள, தயாரிக்கும்போதே சர்வோ குறிகளை எழுதி வைத்திருப்பார்கள். அவற்றைப் படிக்க முடியாதபோது ஹெட்டைத் தாங்கும் கை பின்வாங்கி, திரும்பவும் முயலும். நமக்குக் கேட்பது அந்த முயற்சிதான். ஹெட் போயிருக்கலாம், தட்டில் கீறல் விழுந்திருக்கலாம். ஆனால் கரண்டு போதாவிட்டாலும் அச்சு அசலாக இதே சத்தம் வரும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் வந்தார். “அண்ணே, மூணு கல்யாணம் இதுக்குள்ள இருக்கு, போச்சு” என்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நீட்டினார். அவர் அதை மாட்டியிருந்தது கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பியில், அதுவும் நீளமான கேபிளில். யூஎஸ்பி 2.0 போர்ட் முறைப்படி தருவது 500 மில்லி ஆம்பியர். சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் டிஸ்க் அதைவிட அதிகமாகவே கேட்கும். குட்டைக் கேபிளில், மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் மாட்டியதும் சத்தமே இல்லை. முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்தேன். பெண்டிங் செக்டர், அதாவது படிக்கத் தடுமாறும் இடங்கள், பூஜ்யம். டெஸ்க்டாப்பில் இருக்கும் 3.5 இன்ச் டிஸ்க்குகளுக்கு மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும். அங்கே சந்தேகப்பட வேண்டியது பழைய எஸ்எம்பிஎஸ்ஸை.

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு ஜூலை மாதம் வந்த மெஷின் நேர்மாறு. கரண்டு சரி, கேபிள் சரி, டிஸ்க்தான் சாகக் கிடந்தது. காலையிலிருந்து ரீஸ்டார்ட் மேல் ரீஸ்டார்ட், போதாததற்கு யாரோ செக்டிஸ்க் வேறு ஓட விட்டிருக்கிறார்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்க வந்த கருவி அது. ஹெட் தள்ளாடும் டிஸ்க்கில் ஓட்டினால், மிச்ச உயிரையும் அதுவே உறிஞ்சிவிடும். நான் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற காப்பி எடுக்கும் கருவியைப் போட்டேன். சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டேலி ஃபோல்டர் முழுசாகக் கிடைத்தது. டிஸ்க் அதற்கப்புறம் எழவில்லை.

கீழே விழுந்த டிஸ்க் ‘பீப் பீப்’ என்று முனகினால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டார் சுற்ற முடியாமல் திணறுவதாக இருக்கலாம். வறட்டென்று உரசினால் இன்னும் மோசம், தட்டின் பூச்சே சுரண்டப்படுகிறது. ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இப்போது அநேகமாகப் பலிப்பதில்லை, ஒவ்வொரு டிஸ்க்குக்குமான தனி அளவீடுகள் அதன் போர்டில் உள்ள ரோம் சிப்பிலேயே இருக்கின்றன. பீப், உரசல் இந்த இரண்டு சத்தங்களோடு வரும் டிஸ்க்குக்கு நான் கரண்டே கொடுப்பதில்லை. டிஸ்க்கைத் திறக்கத் தூசியில்லாத க்ளீன் ரூம் வைத்திருப்பவர்களிடம் கொண்டுபோகச் சொல்லி, ஆகக்கூடிய செலவையும் சொல்லிவிடுவேன். கேட்டதும் பாதிப் பேர் “அப்படி ஒண்ணும் முக்கியமான டேட்டா இல்ல, விடுங்க” என்கிறார்கள்.