தண்ணீருக்கும் கிலோக் கணக்கு

"கரவன் ஒண்டு வாங்கப் போறம் அம்மா. வீடு மாதிரித்தான். படுக்கை, குசினி எல்லாம் உள்ளுக்கையே இருக்கும். காருக்குப் பின்னால கொழுவிக்கொண்டு போகலாம்." யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மா சற்று நேரம் பேசவில்லை. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று நினைக்கையில் கேட்டார்: "ஏன் தம்பி, அங்கையும் இடம்பெயரச் சொல்லிப்போட்டாங்களோ?"

பக்கத்தில் நின்ற மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிரவு நித்திரை மட்டும் சரியாக வரவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு குடும்பம் றோட்டுக்கு இறங்குகிறது என்றால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். இங்கே அவுஸ்திரேலியாவில் என்னவென்றால், ஓய்வு பெற்ற சோடிகள் இருந்த வீட்டையும் விற்றுப்போட்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றி வருகிறார்கள். துரத்துவதற்கு ஒருவருமில்லை. காசு கொடுத்து, பெயர் பதிந்து, விரும்பி இடம்பெயர்கிறார்கள்.

கூடாரம் அடித்துப் படுக்கிற வயதை நாங்கள் தாண்டிவிட்டோம். மனைவிக்கு முழங்கால் நோ, எனக்கு முதுகு. அதே நேரத்தில் தார் றோட்டு முடிகிற இடத்தில் திரும்பி வருவதற்கும் மனமில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் வடக்கில் கிப் ரிவர் றோட் என்று ஏறக்குறைய 660 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு பாதை இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறுகள் குறுக்கே பாய, மூடிவிடுவார்கள். மழையில்லாத காலத்தில் போனால் செம்மண், மலையிடுக்கு, அருவி. இந்த மாதிரிப் பாதைக்குச் சாதாரண கரவன் சரிவராது. மண் றோட்டு முழுக்க வரிவரியாகப் புடைத்திருக்கும். அந்த அதிர்வில் அலுமாரிக் கதவு கழன்று, ஆணி இளகி, கடைசியில் அடிச்சட்டமே வெடித்துவிடும். அதனால்தான் மண் றோட்டுக்கென்றே செய்த ஓஃப் றோட் கரவன் தேடி மெல்பேர்ணின் வடக்கே கம்பல்ஃபீல்ட் பக்கம் அலைந்தோம். கரவன் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறார்கள்.

புதிதாக நல்லதொன்று எடுப்பதென்றால் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தக் காசுக்குக் கொக்குவிலில் எத்தனை பரப்புக் காணி வாங்கலாம் என்று பேனை பேப்பர் இல்லாமலே சொல்லிவிடுவார்.

இரும்பு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரையும் கறுப்புச் சக்கரத்தையும் பார்த்து மயங்காமல், குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். அடிச்சட்டம் துருப்பிடிக்காமல் நாகம் (சிங்க்) பூசியதா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற சஸ்பென்சனா, அதிர்ச்சி தாங்கிகள் சக்கரத்துக்கு இரண்டா, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே கல் அடிக்காமல் தகடு இருக்கிறதா, இவ்வளவுதான். 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கரவன் என்றால் எல்லாச் சக்கரத்துக்கும் பிறேக் வேண்டும். கொழுக்கி கழன்றால் தானே பிறேக் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும். அது சட்டம், ஆகவே எல்லாரும் போட்டுத்தான் விற்கிறார்கள்.

கட்டிலில்தான் முதல் சண்டை. கட்டில் நீளவாக்கில் கிடந்தால் இரண்டு பக்கமும் இறங்கலாம். குறுக்கே கிடந்தால் இடம் மிச்சம், ஆனால் சுவரோரம் படுப்பவர் இரவில் எழும்ப மற்றவரைத் தாண்ட வேண்டும். முதலாவதை இங்கே வடக்கு தெற்குக் கட்டில் என்றும் மற்றதைக் கிழக்கு மேற்குக் கட்டில் என்றும் சொல்வார்கள். விற்பனைக்கு நின்ற பெடியன் "வடக்கு தெற்கு" என்று தொடங்கியதுமே மனைவி என் கையைக் கிள்ளினார். "வடக்க தலை வைச்சுப் படுக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" கரவன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் திசை என்று விளங்கப்படுத்தினேன். "அப்ப பொழுதுபட முன்னம் ஒவ்வொரு நாளும் கொம்பஸ் வைச்சுப் பாத்து நிப்பாட்டுங்கோ" என்றார். நீளவாக்குக் கட்டில்தான் எடுத்திருக்கிறோம். கொம்பசும் வாங்கியாயிற்று.

அடுத்தது கக்கூசு. ஊரில் அது கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், வேலிக் கரையோடு இருந்தது. இரவில் போவதென்றால் லாம்பு வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், பக்கத்து வளவு நாய் குரைக்கும். இப்போது கட்டிலிலிருந்து மூன்று எட்டில், ஒரு பலகைக் கதவுக்கு அப்பால் கக்கூசு. அதற்குள்ளேயே குளியல். கீழே ஒரு பெட்டி இருக்கும்; நிரம்பியதும் வெளிப்பக்கத்தால் இழுத்தெடுத்து, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்கு யார் பொறுப்பு என்பதை மனைவி அந்தப் பெடியனின் முன்னாலேயே தீர்த்துவிட்டார்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன் முகம் கவலையாக மாறியது. "தொடர்ந்து மூன்று நான்கு நாள் மின் இணைப்பு இல்லாமல் இருக்கப் பழக்கமுண்டா?" என்று கேட்டான். நானும் மனைவியும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். தொண்ணூறுகளில் வருடக்கணக்கில் யாழ்ப்பாணம் இருட்டில் கிடந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். மின்சாரம் இல்லாமல் இருக்கப் பழக்கமுண்டு தம்பி என்று மட்டும் சொன்னேன். பழைய ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், லித்தியத்தில் 80 வீதமாவது எடுக்கலாம், கூரையில் சூரியத் தகடு இருந்தால் பகலில் திரும்ப ஏறிவிடும் என்று அவன் பொறுமையாக விளக்கினான். லித்தியமே போடச் சொன்னோம். பழக்கம் வேறு, விருப்பம் வேறு.

பிறகுதான் நிறை எழுதிய தகட்டைக் காட்டினான். எல்லாக் கரவனிலும் அது அடித்திருக்கும். வெறுமையாக எத்தனை கிலோ, ஏற்றிய பிறகு ஆகக்கூடியது எத்தனை கிலோ. இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் நமக்குரியது. எங்கள் பிராடோ கார் 3,000 கிலோ வரை இழுக்கும். நாங்கள் பார்த்த கரவன் வெறுமையாக 2,450, ஆகக்கூடியது 2,950. ஐந்நூறு கிலோ கைக்கு வருகிறது. தாராளம் என்று நினைத்தேன். அவன் ஒவ்வொன்றாகக் கழித்தான். நிரப்பிய 9 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, தகரத்தோடு ஏறக்குறைய 35. வெளிப்பந்தல், கதிரை, மேசை, கருவிப்பெட்டி. ஏற்றிய நிறையில் பத்திலொரு பங்களவு கொழுக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் வால் ஆடும், கூடினால் காரின் பின்பக்கம் குந்திவிடும். பிறகு தண்ணீர். 95 லீற்றர்த் தாங்கி இரண்டு. லீற்றருக்கு ஒரு கிலோ. 190 கிலோ தண்ணீருக்கே போயிற்று.

தண்ணீரை நிறுத்துப் பார்த்து ஏற்றுகிற வாழ்க்கை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி குளியலறைத் தராசைக் குசினிக்குள் கொண்டுவந்தார். அரிசி, மா, ஊரிலிருந்து வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள், திருவலை, புட்டுப்பானை, கருவாடு. நான் கொப்பியில் எழுதினேன். புட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டியை வைத்தபோது முள் அசையவேயில்லை. "பாத்தீங்களோ, இதுக்குக் கணக்கில்லை" என்று அதை முதல் ஆளாக ஏற்றிவிட்டார்.

கொப்பியில் எழுதிக்கொண்டு இருந்தவன் எங்கேயோ போய்விட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரத்தையும் சேர்த்து வலிகாமமே செம்மணி றோட்டால் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தது. அப்பாவின் றலி சைக்கிளில் அரை மூட்டை அரிசி, உடுப்புப் பை, ஹாண்டிலில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் போட்ட பை. அம்மா தையல் மெசினின் தலையைக் கழற்றி எடுத்துத் தரச் சொல்லி நின்றார். இரும்பு. அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார், கரியரைப் பார்த்தார், திரும்பக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசி நான் கேட்டதில்லை. றோட்டில் ஒரு அடி வைக்க ஐந்து நிமிடம். மழை கொட்டியது, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்து, விழுந்த மழையைத் தங்கைக்குக் குடிக்கக் கொடுத்தோம்.

"கருவாடு ரண்டு கிலோவோ மூண்டோ? எழுதினீங்களோ?" என்றார் மனைவி. இரண்டு என்று எழுதினேன்.

நான் இந்த நாட்டில் நன்றாக ஊன்றிவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லுவேன். காலையில் கோப்பி இல்லாமல் கண் திறக்காது, புட்டோல் ஆட்டத்துக்குக் கத்துவேன், புல்லு வெட்டாத அயலவனைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனால் குளிப்பு என்று வந்தால் என் குடியுரிமை செல்லாது. கரவன் குளியலறையில் தண்ணீர் நூலாக வரும். நனைந்தவுடன் மூட வேண்டும், சவர்க்காரம் போட வேண்டும், திரும்பத் திறந்து கழுவ வேண்டும். இரண்டு பேர், நாலைந்து நாள், இவ்வளவு லீற்றர் என்று அந்தப் பெடியன் கணக்குப் போட்டபோது எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது. அவனில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான் எங்கள் சொத்து முழுவதும். அப்படிப்பட்ட ஊரிலும் குளிக்கும்போது எவரும் வாளியை எண்ணியதில்லை. விடியப்புறம் கிணற்றடிக்குப் போனால் பனிக்குளிருக்குக் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். துலாக்கொடியைப் பிடித்து இழுத்து, முதல் வாளியை அப்படியே உச்சியில் ஊற்றினால் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். பிறகு இன்னொன்று, இன்னொன்று. நான் போதும் என்று நினைத்தால் அப்பா பின்னாலிருந்து ஒன்று ஊற்றுவார். அந்தத் தண்ணீர் ஒரு துளியும் வீண்போகாது. சீமெந்துக் கட்டிலிருந்து வாய்க்காலால் ஓடி, வாழைப் பாத்திக்கும் தேசிக்கும் போகும். வாய்க்கால் அடைத்தால் அதைத் தட்டிவிடுவது என் வேலை. நுரையோடு தண்ணீர் வாழையடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போயிருக்கிறேன்.

கரவனில் குளித்த தண்ணீருக்கும் தனித் தாங்கி உண்டு. சில இடங்களில் அது இல்லாவிட்டால் தங்கவே விடமாட்டார்கள். ஊற்றிய தண்ணீரையும் கட்டி இழுத்துக்கொண்டு திரிய வேண்டும்! அதற்கும் கிலோக் கணக்கு.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். "துலா எங்கை தம்பி இருக்கு? அதை எப்பவோ எடுத்தாச்சு. மோட்டரைப் போட்டால் மேல தாங்கிக்கு ஏறுது, நானும் ஷவரிலதான் குளிக்கிறன்" என்றார். ஊரை ஊரே கைவிட்டாலும் நான் விடுவதாயில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மனைவி. அந்தக் கரவனில் சுவரோடு பூட்டிய சின்னத் தோய்க்கிற மெசினும், கேக் அவிக்கிற ஓவனும், தொலைக்காட்சியும் இருந்தன. "மூண்டையும் கழட்டச் சொல்லுங்கோ. தோய்க்கிறதுக்கு எனக்குக் கை இருக்கு. அந்தப் பாரத்துக்கு இன்னொரு தண்ணித் தாங்கி போடச் சொல்லுங்கோ, நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வராமல்." மூன்றையும் சேர்த்தாலும் 95 கிலோ வராது. மிச்சத்துக்கு என் கருவிப்பெட்டியில் பாதியையும் ஒரு கதிரையையும் விட்டேன். கருவாட்டில் கை வைக்க முடியவில்லை. விற்பனைப் பெடியன் ஓவனைக் கழற்றித் தண்ணீர் கேட்ட சோடியை முன்னர் கண்டதில்லையாம்.

கோவிலுக்குப் போகிறவர்கள் கூடார வண்டிலில் பானை சட்டி பாயெல்லாம் கட்டிக்கொண்டு வல்லிபுரத்துக்கும் சந்நிதிக்கும் போய், மரத்தடியில் அவிழ்த்துச் சமைத்துப் படுத்து வந்த காலத்தை அப்பாச்சி சொல்லுவா. இதுவும் அதுதான் அம்மா என்று சொன்ன பிறகுதான் அவருக்குச் சமாதானம் வந்தது. "அப்ப மாட்டுக்குப் பதிலா கார்" என்றார். எலுமிச்சம்பழம் நசித்து, தேங்காய் உடைக்காமல் வெளிக்கிடக்கூடாது என்று கட்டளையும் வந்தது. கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலில் வாகன பூசைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இவ்வளவு நீளத்தை அங்கே எப்படித் திருப்புவது என்பதுதான் யோசனை.

முதல் பயணம் கிப் ரிவர் றோட் என்று வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். போன கிழமை சிட்னியிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்தார். அவர் மகளுக்குச் சாமத்தியவீடு. மனைவி என்னைக் கேட்காமலே வருவதாகச் சொல்லிவிட்டார். ஹோட்டல் காசும் மிச்சமாம். ஆகவே வரிவரியான மண் றோட்டுக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்த சஸ்பென்சனோடும் மூன்று தாங்கித் தண்ணீரோடும், ஏறக்குறைய 880 கிலோமீற்றர் வழவழப்பான ஹியூம் பெருந்தெருவில் போய், மச்சான் வீட்டு முற்றத்தில் நிற்கப் போகிறோம். அவர் நேற்று மறுபடியும் எடுத்தார். கனடாவிலிருந்து வருகிற பெரியம்மா குடும்பத்தில் எத்தனை பேரை அதற்குள் படுக்கவிடலாம் என்று கேட்கிறார்.