மருந்து மாறிய மாதம்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் மருந்தகச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நான் உட்காரத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. எங்களுடையது காவிரியின் கடைமடைப் பகுதியில் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனை. இங்கே மருந்து வாங்க வருபவர்களில் உள்ளூர்க்காரர்கள் குறைவு. கும்பகோணத்துப் பக்கத்து ஆள் இங்கே வருவார். இந்த ஊர்க்காரர் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போவார். தெரிந்த முகம் எதிர்ப்படாத ஒரு வரிசையில் நிற்க முடியும் என்றால் இரண்டு பேருந்து மாறுவதை இவர்கள் யாரும் சிரமமாகக் கருதுவதில்லை.

நான் மருந்தாளுநர். மாத்திரையைக் கொடுப்பதைவிடத் திரும்பி வரும் மாத்திரையை எண்ணுவதுதான் என் முக்கியமான வேலை. முந்தைய மாதத்து டப்பாவை வாங்கி, மீதம் இருப்பதைத் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, எத்தனை நாள் தவறியிருக்கிறது என்று வெள்ளை அட்டையில் எழுத வேண்டும். திரும்பி வரும் டப்பாக்களில் பாதிக்கு மேல் லேபிள் இருக்காது. நகத்தாலோ பிளேடாலோ சுரண்டியிருப்பார்கள். சிலர் டப்பாவுக்குள் பஞ்சு அடைத்திருப்பார்கள். பேருந்திலோ வீட்டுக்குள்ளோ பை அசையும்போது மாத்திரை குலுங்கும் ஓசை கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பஞ்சு. அது எனக்கே வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கழித்துத்தான் புரிந்தது.

நோய் தெரிந்து சில வாரங்களே ஆன ஒருவருக்கு மருந்தை மாற்ற நேர்வது பற்றி எழுத நினைத்தேன். அதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. சம்பந்தப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். உடம்பு இளைத்துக்கொண்டே போனதால் பரிசோதனைக்கு வந்து, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு முறைகளிலும் எச்.ஐ.வி. உறுதியாகி, மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில் எங்களிடம் பதிவு செய்தார். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிரவிர் 50 ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த, நாளுக்கு ஒரே ஒரு மாத்திரையை அவருக்குத் தொடங்கினோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் அன்று அவருக்கு 0.9. எடை 46 கிலோ.

குறுவை நடவு நேரம் அது. பகலெல்லாம் சேற்றில் நின்றுவிட்டு, இரவில் மேல்வலி தாங்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் அழுத்திக் கேட்கவில்லை. டெனோஃபோவிரோடு இந்த வலி மாத்திரைகள் சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். ஒரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 என்று வந்தது. டோலுடெகிரவிர் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் அந்த எண் சற்று ஏறுவது உண்டு. கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு வழியை அந்த மருந்து ஓரளவு அடைப்பதால் நேர்வது அது. சிறுநீரகம் கெட்டதன் அறிகுறி அல்ல. ஆனால் அப்படி ஏறுவது பெரும்பாலும் 0.1, 0.2 என்ற அளவிலேயே நின்றுவிடும். இவருடையதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வயதையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 62 மில்லியாக இருந்த சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 35-க்கு இறங்கியிருந்தது. 50-க்குக் கீழே டெனோஃபோவிர் கூடாது. எண்பது கிலோ ஆளுக்கு இதே 1.6 இருந்திருந்தால் கணக்கு 60-ஐத் தாண்டியிருக்கும். ஒட்டிய உடம்புக்காரர்களின் இரத்தப் பரிசோதனைத் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மருத்துவர் டெனோஃபோவிரை எடுத்துவிட்டு அபாகவிரைச் சேர்த்தார். டெனோஃபோவிர் ஹெபடைட்டிஸ் பி கிருமியையும் அடக்கி வைக்கும் மருந்து என்பதால், அந்தக் கிருமி உள்ளவரிடம் அதைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பிவிடும். அந்தப் பரிசோதனையில் இவருக்குக் கிருமி இல்லை என்று முதல் நாளே வந்திருந்ததால் தடை ஏதும் இல்லை. அபாகவிரும் லாமிவுடினும் சேர்ந்த மாத்திரை ஒன்று, டோலுடெகிரவிர் தனியாக ஒன்று என்று இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தேன். மருத்துவ முடிவில் எந்தக் குறையும் இல்லை. குறை சன்னலில் நடந்தது.

வெளியே நாற்பது பேர் நின்றார்கள். "பழைய மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலண்ணே. அதனால டாக்டர் மாத்திக் குடுத்திருக்காரு. இனிமே ரெண்டு" என்றேன். அவர் தலையசைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். காய்ச்சல், தடிப்பு, வாந்தி வந்தால் தானாக நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்பதையும் சொன்னேன். அபாகவிர் சிலருக்குப் பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் கடுமையான ஒவ்வாமையைத் தரும். அதனால் நிறுத்திய ஒருவருக்கு அதை மீண்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. ஆக, எச்சரிக்கையை முழுமையாகச் சொன்ன நான், மாற்றத்தின் காரணத்தை ஒரு சொல்லில் முடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது. ஒருமுறை வேறு யாரோ எடுத்தார்கள், வைத்துவிட்டோம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். அதற்கு முன்பும் எங்களுக்கு அதுவே வழக்கம். வீட்டில் யாராவது எடுத்தால் "ராங் நம்பர்" என்று சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வசனம் கிடையாது.

ஆடி கடைசியில் அவராகவே வந்தார். சன்னலில் இரண்டு டப்பாக்களையும் வைத்தார். மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். வாயில் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள் முத்திரை இரண்டிலுமே கிழிபடவில்லை. மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்ததாகச் சொன்னார். வெளிப்பக்கம் சேறு காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. பழையது ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொன்னதால் அதை நிறுத்தியிருந்தார். புதியதைத் தொடங்கவே இல்லை. ஏறக்குறைய ஐந்து வாரம் எந்த மருந்தும் உள்ளே போகவில்லை.

ஏன் என்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நல்ல மருந்துன்னுதானே முதல்ல அதைக் குடுத்தீங்க தம்பி? அதுவே ஒரு மாசத்துல தோத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டாயிடுச்சு. அப்ப வியாதி முத்திடுச்சுன்னுதானே அர்த்தம்? பின்னாடி வர்றது என்னத்தச் செய்யப்போவுது?"

எங்கள் பதிவேட்டில் இதற்கு இரண்டு தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பக்கவிளைவுக்காகவோ, வேறு நோய்க்காகவோ, வேறொரு மருந்தோடு மோதுவதாலோ ஒரு மருந்தை எடுத்துவிட்டு அதற்கு நிகரான இன்னொன்றை வைப்பது ஒரு கட்டம். கிருமி மருந்தை மீறிப் பெருகியதால் அடுத்த வரிசைக் கூட்டு மருந்துக்குப் போவது இன்னொரு கட்டம். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. படிவத்தை நிரப்பும் எங்களுக்குக் குழப்பம் வருவதே இல்லை. சன்னலில் தமிழில் பேசும்போது இரண்டும் "மருந்த மாத்தியாச்சு" என்ற ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. நாங்கள் முதலாவதைச் சொல்கிறோம். கேட்பவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நோய் தெரிந்து சில வாரங்களே ஆனவர், எந்தச் சொல்லிலும் முதலில் மரணத்தைத்தான் கேட்பார் என்பதை நான் மறந்திருந்தேன்.

உண்மையில், ஒரு கூட்டு மருந்து தோற்றதா என்பதை முதல் மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. தொடர்ந்து ஆறு மாதமாவது சாப்பிட்ட பிறகுதான் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் இருக்கும் கிருமியின் எண்ணிக்கை, எடுக்கிறோம். அதில் ஒரு மில்லிக்கு 1000-க்கு மேல் வந்தாலும் உடனே மருந்தை மாற்றுவதில்லை. தவறாமல் சாப்பிட வைத்து, மூன்று மாதம் ஆலோசனை கொடுத்து, மறுபடி பரிசோதித்து, அப்போதும் இறங்காவிட்டால்தான் வல்லுநர் குழுவுக்குக் கோப்பு போகும். இவ்வளவு மெதுவாக நகரும் ஒரு முடிவை, நான் ஒரு நிமிடத்தில் அவர் தலையில் இறக்கிவிட்டேன்.

அன்று ஆலோசகர் விடுப்பில் இருந்ததால் அவரை என் அறைக்குள்ளேயே உட்கார வைத்தேன். ஆய்வகத் தாளைக் காட்டி 0.9, 1.6 என்ற இரண்டு எண்களையும் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் கிரியாட்டினின் என்றால் யாருக்கும் தெரியாது. "உப்பு ஏறியிருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதைச் சொன்னவுடன் மூன்று நாள் உப்பில்லாத கஞ்சி குடிப்பார்கள் என்பதால் நான் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பயந்துதான் பயன்படுத்துவேன். கிருமியோடு சண்டை போட்டதில் பழைய மாத்திரை தோற்கவில்லை, வலி மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, அதற்காகத்தான் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்தோம், மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன என்று மாத்திரைகளைத் தட்டில் வைத்துக் காட்டினேன். மூன்று பெயர் ஒரு மாத்திரைக்குள் இருந்தது, இப்போது ஒரு பெயர் மட்டும் மாறி, மூன்று பெயர் இரண்டு மாத்திரைக்குள் இருக்கிறது என்று எண்ணிக்காட்டியது அவருக்கு எட்டியது போலிருந்தது.

சம்பாவுக்கு விதை வாங்கும் நேரம். சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி தாங்காத ரகத்தைக் கொண்டுபோய்ப் பள்ளக்கால்ல நட்டா ஐப்பசி மழையில அழுவத்தான் செய்யும். அதுக்கு ரகத்து மேல குத்தம் சொல்ல முடியுமா? அங்க தண்ணி தாங்குற ரகந்தான் போடணும்" என்றார். என்னால் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. உடனே, "அப்ப நாந்தான் பள்ளக்கால்" என்று சிரிக்காமல் சேர்த்துக்கொண்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்த உவமையை அதன் பிறகு சில விவசாயிகளிடம் பயன்படுத்தியிருக்கிறேன், பாதி வரைக்கும் மட்டும்.

அவர் போன பிறகு எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் சேர்ந்த மாத்திரைதான் பலருக்கும். நெவிரபினால் தோலில் தடிப்பு வரும் என்பதால், முதல் பதினான்கு நாள் அதைக் காலையில் மட்டும் கொடுத்து, மாலைக்கு நெவிரபின் இல்லாத மாத்திரையைக் கொடுப்போம். பதினைந்தாம் நாளிலிருந்து இருவேளையும் ஒரே மாத்திரை. புதிதாக வந்த ஒவ்வொருவரும் இரண்டு வாரத்தில் மருந்து மாறுவதைப் பார்த்தார்கள். அதற்காக ஒருவர்கூடப் பயந்து நின்றதாக எனக்கு நினைவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தோம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பிறகு ஜிடோவுடினால் இரத்தசோகை வந்து அதை மாற்றும்போது மட்டும் அழுகையும் சந்தேகமும் இருந்தன. அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நாளுக்கு ஒன்று என்ற ஒற்றை மாத்திரை வந்தபோது எல்லாருக்கும் எளிதாயிற்று என்று மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதினைந்தாம் நாள் பேச்சும் அதோடு போய்விட்டது.

இப்போது முதல் டப்பாவைக் கொடுக்கும்போதே, "முதல் ரெண்டு மூணு மாசத்துல இது மாறலாம், மாறாமலும் இருக்கலாம், மாறுனா உடம்புக்குத் தக்கபடி சரிபண்றோம்னு அர்த்தம்" என்று சொல்லி, அவர்கள் கையில் இருக்கும் பச்சை நோட்டின் உள்ளட்டையிலும் எழுதிவிடுகிறேன். "ஒத்துக்கல" என்ற சொல்லை விட்டுவிட்டேன். காசநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் தேவை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், டோலுடெகிரவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண், இரவு எட்டு மணிக்கு அந்த இரண்டாவது மாத்திரையைப் போட எங்கே ஒதுங்குவது என்று கேட்டாள். அது நோய் கூடியதற்கான மாத்திரை அன்று, காசநோய் மருந்து முடிந்த இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று தேதியோடு எழுதிக் கொடுத்த பிறகு, ஒதுங்கும் இடத்தை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

மாற்றத் தேவையே இல்லாமல் மாற்றச் சொல்லி வருபவர்களும் உண்டு. தூக்கம் வரவில்லை என்பவர்களில் பலருக்கு இரவு மாத்திரையைக் காலைக்கு நகர்த்தினாலே போதும். வயிற்றெரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்து குடிப்பவரிடம், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டோலுடெகிரவிரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் ஏறாது. பிறகு நிஜமாகவே பதிவேட்டின் அந்த இரண்டாவது கட்டத்தில் எழுத நேரும்.

அந்தக் குத்தகைக்காரருக்கு மாசியில், சம்பா அறுப்பு முடிந்து, வைரல் லோடு எடுத்தோம். கண்டறிய முடியாத அளவு என்று வந்தது. தாளைக் கையில் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இத இனிமே மாத்த மாட்டீங்கள்ல?" என்பதுதான். மாற்றினால் முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவோம் என்றேன். மூன்று மாதத்துக்கு ஆறு டப்பாக்களை எடுத்து வைத்தேன். மஞ்சள் பைக்குள் அவற்றைப் போட்டுவிட்டு, இரண்டடி நடந்து, மறுபடி சன்னலுக்கு வந்து கொஞ்சம் பஞ்சு கிடைக்குமா என்று கேட்டார்.