பேப்பர்ல 68, சேஸிஸ்ல 67: என் பீட்டில் எப்போ பொறந்துச்சுன்னு கண்டுபிடிச்ச கதை

என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பேப்பர்ல 1968னு இருக்கு, வித்தவரும் அதையேதான் சொன்னார், ஹெட்லைட்டும் 68 மாடல் மாதிரி நிமிர்ந்து நிக்குது. ஆனா பம்பர் மட்டும் முந்தின மாடல்ல வர்ற மெலிசு பம்பர். அதுதான் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

பேப்பர்ல இருக்கிற வருஷத்தை நான் முதல்லயே பெருசா எடுத்துக்கல. நிறைய வண்டிக்கு அது முதல்ல ரிஜிஸ்டர் ஆன வருஷம்தான், தயாரான வருஷம் இல்ல. ஃபேக்டரியில இருந்து கிளம்பி, கப்பல் ஏறி, விக்கிற இடத்துல கொஞ்ச நாள் தூசி வாங்கி, அப்புறம்தான் ஒருத்தர் வாங்கினார்னா நடுவுல காலண்டர் மாறிடும்.

அதனால நேரா சேஸிஸ் நம்பருக்கே போயிட்டேன். பீட்டில்ல அது பின் சீட்டுக்கு அடியில, தரை நடுவுல நீளமா மேடா ஓடுற டனல் மேல அடிச்சிருக்கும். சீட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்: பேட்டரியும் அங்கேயேதான் வலது பக்கம் உக்காந்திருக்கும், சீட்டோட ஸ்பிரிங் டெர்மினல்ல பட்டா தீப்பொறி பறக்கும், அதனால சீட் வெளிய வந்ததும் முதல் வேலையா நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. எனக்கு டனல் மேல பெயின்ட், அதுக்கு மேல தார் மாதிரி ஏதோ ஒண்ணு, அதுக்கும் மேல இன்னொரு பெயின்ட். தின்னர்ல துணியை நனைச்சு ஊற வச்சு ஊற வச்சுத் துடைச்சேன். கிரைண்டர் பக்கமே போகாதீங்க, நம்பர் தேஞ்சு போச்சுன்னா வண்டியோட ஜாதகமே போச்சு. ஓரளவு சுத்தமானதும் மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்ச்சா, கண்ணுக்குத் தெரியாத இலக்கம்கூட பேப்பர்ல எழும்பி வருது. 117னு ஆரம்பிச்சுது.

இதைப் படிக்கிற முறை இதுதான். 1965 மாடல்ல இருந்து, அதாவது 1964 ஆகஸ்ட்ல இருந்து, நம்பர் ஒன்பது இலக்கம். முதல் ரெண்டு என்ன வண்டின்னு சொல்லும்: 11னா சாதா பீட்டில், 15னா மேல் கூரை மடங்குற கன்வெர்ட்டிபிள். மூணாவது இலக்கம்தான் மாடல் வருஷத்தோட கடைசி இலக்கம். 1970 மாடல்ல பத்து இலக்கமா ஆயிடுச்சு, ஆனா மூணாவது இலக்கத்தோட வேலை மாறல. 65-க்கு முந்தின வண்டிகள்ல வெறும் வரிசை நம்பர்தான், எந்த நம்பர் எந்த வருஷம்னு பட்டியலை வச்சுதான் பார்க்கணும். இதுல நிறைய பேர் சறுக்குற இடம் என்னன்னா, மாடல் வருஷம் ஜனவரியில ஆரம்பிக்காது, ஃபேக்டரி கோடை லீவு முடிஞ்சு ஆகஸ்ட்ல ஆரம்பிக்கும். 1967 ஆகஸ்ட்ல கணக்கு 118 000 001ல இருந்து புதுசா தொடங்குது. அப்போ 117னா 1966 ஆகஸ்ட்டுக்கும் 1967 ஜூலைக்கும் நடுவுல வந்த வண்டி.

முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. பீட்டில்ல பாடி தனி, அடித்தளம் தனி, ரெண்டையும் போல்ட் போட்டு முடுக்கியிருக்காங்க, அதனால டனல்ல இருக்கிற நம்பர் அடித்தளத்துக்கு மட்டும்தான் சாட்சி. மேல இருக்கிற பாடி வேற வருஷத்து வண்டியில இருந்து வந்திருக்கலாம். அதனால கழட்டி மாட்டவே முடியாத இடமாத் தேடினேன். 1967 ஜூலை வரைக்கும் பெட்ரோல் ஊத்தணும்னா முன் பானட்டைத் திறக்கணும், ஆகஸ்ட்ல இருந்து வெளியில வலது பக்கம் தனி மூடி வந்துடுச்சு. என் வண்டியில வெளியில மூடியே இல்ல, வெட்டி ஒட்டின அடையாளமும் இல்ல. ஸ்பேர் வீலுக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் தகட்டுலயும் அதே 117 நம்பர். ஆக பாடியும் 67தான். ஹெட்லைட்? மட்கார்டு போல்ட்ல நிக்கிற சாமான், யாரோ இடிச்சுட்டு புது மாடல் மட்கார்டை மாட்டியிருக்காங்க, அவ்ளோதான்.

அடுத்தது சாமான்கள் மேல இருக்கிற தேதி. ஸ்பீடோமீட்டரைக் கழட்டினா பின்னாடி 12.66னு முத்திரை, இரும்பு வீல்லயும் தேதி அடிச்சிருக்கும், ரெண்டு வீல் 66, மத்தது எல்லாம் எழுபதுகள்ல வந்தது. வண்டியோட கூடவே வந்த சாமான்ல எது ரொம்பப் பிந்தினதோ, அதுக்கு அப்புறம்தான் வண்டி வெளிய வந்திருக்கணும். எஞ்சின் நம்பர் டைனமோ நிக்கிற பீடத்துக்குக் கீழ இருக்கு, அதுல முன்னாடி AB-ங்கிற எழுத்து இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன், AB-ன்னே இருந்துச்சு. அது 1970 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் வந்த 1300. எஞ்சினை வச்சு வருஷம் சொல்றவங்களை நம்பாதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றது.

கடைசியா வோல்ஃப்ஸ்பர்க்ல இருக்கிற ஃபோக்ஸ்வாகன் ஆட்டோ மியூசியம் அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டேன். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பணம் கட்டினா பழைய பதிவேட்டைப் பார்த்து சர்டிஃபிகேட் தர்றாங்க. எம்ஜி, மோரிஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இங்கிலாந்துல கேடன்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இதே மாதிரி தருது. எனக்கு வந்ததுல 1967 மார்ச். ஸ்பீடோமீட்டர் தேதிக்கும் இதுக்கும் கச்சிதமா ஒத்துப்போச்சு. ஒரிஜினல் கலர் வெள்ளையாம், இப்போ பச்சை.

பேப்பர்ல 68 அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பார்ட்ஸ் ஆர்டர் பண்ணும்போதுதான் கூத்து: பாடி ரப்பர் கேட்டா 67, முன் மட்கார்டும் ஹெட்லைட் கண்ணாடியும்னா 68, எஞ்சின் கேஸ்கெட்டுன்னா 71. "ஐயா உங்ககிட்ட எத்தனை பீட்டில் இருக்கு?"ன்னு விக்கிறவரே கேட்டுட்டார்.