தவிலும் கைபேசியும்

சென்ற ஆண்டுத் திருவிழாவில் ஓர் இரவு, கொழும்பு, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலில் இரண்டு தவில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தபோது, ஆறேழு நிமிடங்களைக் கைபேசியில் பதிந்துகொண்டேன். வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து அதைப் போட்டுக் கேட்டால், தகரத்தில் புளியங்கொட்டையைக் கொட்டியது போன்ற சத்தம் மட்டுமே இருந்தது. கோவிலில் என் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்த அந்தத் தொப்பி அடி, தவிலின் தாழ்ந்த ஒலிப் பக்கத்தில் விழும் அடி, எங்கே போயிற்று என்று நெடுநேரம் யோசித்தேன்.

வலந்தலை என்னும் வலப்பக்கத்தை விரற்கூடுகள் அணிந்த கையாலும் தொப்பியைக் குறுந்தடியாலும் வாசிக்கும் தவில், திறந்த வெளிக்கென்றே உருவான வாத்தியம்; அதன் உரத்த அடிக்கும் அடங்கிய உருட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. கைபேசியோ ஒலி உரக்கும்போது தானாகவே அளவைக் குறைத்து, அடங்கும்போது கூட்டிவிடுகிறது. அதனால் எல்லா அடியும் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்திலும் ஒலியை இவ்வாறு அமுக்குவதுண்டு. அங்கே அதைக் காதுள்ள ஒருவர் அளந்து செய்கிறார், அவ்வளவுதான்.

ஒலியைவிடப் பெரிய இழப்பு நேரத்தில் ஏற்பட்டது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கக் கூடியவர். ஆனால் அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடங்களே அடங்கும். அந்த இடத்துக்குள் ராகத்தின் சாரத்தைப் பிழிந்து வைத்தது ஒரு தனித் திறமை. கச்சேரியின் சுருக்கம் என்று அதைச் சொல்வது சரியன்று. ஒலிப்பதிவைக் கச்சேரியின் நிழலாகவே நான் பல காலம் எண்ணியிருந்தது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொழும்பில் நாம் மண்டபத்தில் அமர்ந்து ‘நேரடியாக’க் கேட்பதாகச் சொல்லும் கச்சேரியும் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் வழியாகத்தான் காதுக்கு வருகிறது. பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு என ஒலிவாங்கிகளை வைத்து, பின்வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டி, முன்வரிசையில் இருப்பவர்களைத் தலையிடியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். (தம்புராவுக்கும் ஒலிவாங்கி வைக்கலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை.) ஆகவே மண்டபத்துக்கும் இறுவட்டுக்கும் இடையிலான போட்டி பல வேளைகளில் இரண்டு ஒலிவாங்கிகளுக்கு இடையிலான போட்டிதான், அதில் இறுவட்டே வெல்கிறது. கோவில் வீதியில், ஒலிவாங்கி இல்லாமல் ஒலிக்கும் மேளத்துக்கு மட்டும் அந்தக் கணக்குப் பொருந்தாது.

கனடியப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964 இல், தம் வயதின் முப்பதுகளின் தொடக்கத்திலேயே, மேடையை விட்டு முழுக்க ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். வெவ்வேறு முறை வாசித்தவற்றை வெட்டி ஒட்டுவதை அவர் குறையாகக் கருதவில்லை. நம் இசையில் அந்தத் துணிவை நான் ஏற்கத் தயங்குகிறேன். வயலின்காரர் எதிர்பாராத ஒரு ஸ்வரப் பிடியைத் தரும்போது பாடகர் முகத்தில் எழும் சிரிப்பை எந்த ஒட்டும் தராது. ஆயினும், 1975 இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை என் தலைமுறை அறிவது எஞ்சிய ஒலிநாடாக்களால் மட்டுமே. ஒரே தீர்மானத்தை, அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் தாளக் கோவையை, இருபது தடவை திருப்பிப் போட்டுக் கணக்கை விளங்கிக்கொள்ளும் வசதியை எந்தத் திருவிழாவும் எனக்குத் தந்ததில்லை.

அப்பா எண்பதுகளில் வெள்ளவத்தை மண்டபமொன்றில் பதிந்த ஒலிநாடா ஒன்று வீட்டில் இருக்கிறது. பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலின் நடுவில் கரையோரப் புகையிரதம் இரைந்துகொண்டு போகிறது. பாடகர் பஞ்சம ஸ்வரத்தில் நின்றுவிடுகிறார், மிருதங்கம் மெல்லிய அடிகளோடு காத்திருக்கிறது, இரைச்சல் தேய்ந்ததும் அதே சொல்லில் மீண்டும் எடுக்கிறார்கள். சென்ற மாதம் அதைக் கணினிக்கு மாற்றித் தந்த தம்பி, புகையிரதச் சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிடலாம் அண்ணா என்றார். எடுத்துவிட்டால், பாடகர் ஏன் நின்றார் என்பது யாருக்குமே விளங்காது என்று சொல்லி, இருந்தபடியே வாங்கி வந்தேன்.