வொர்தி ஃபார்ம் டைரி: டென்ட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கப்பா

24 ஜூன் 2025, செவ்வாய்

வந்து சேந்தாச்சு. இங்கிலாந்து, சாமர்செட், பில்டன் கிராமம், வொர்தி ஃபார்ம். இங்க நடக்குற பாட்டுத் திருவிழாவுக்கு கிளாஸ்டன்பரி ஃபெஸ்டிவல்னு தான் உலகம் பூரா பேரு, ஆனா கிளாஸ்டன்பரி டவுன் இங்கேருந்து சில மைல் தள்ளி இருக்கு. இந்த வருஷம் டிக்கெட் 373.50 பவுண்டு, அதுக்கு மேல புக்கிங் ஃபீஸ் 5 பவுண்டு, அதுவும் ஆன்லைன்ல ஒரு மணி நேரம் கூட தாங்காம வித்துத் தீந்துடுச்சு. நான் அந்த வழியா வரல. ரீசைக்ளிங் வாலண்டியர். குப்பை பொறுக்கணும், பின்னு சொல்ற குப்பைத்தொட்டிய காலி பண்ணணும், பதிலுக்கு உள்ள வர பாஸ், சாப்பாட்டு கூப்பன், ஷிஃப்ட் இல்லாத நேரம் இஷ்டத்துக்கு பாட்டு கேக்கலாம். அம்மாட்ட சொன்னேன், "குப்பை அள்ளவாடா சீமைக்குப் போன"ன்னாங்க. ஆமாம்மான்னுட்டேன், வேற என்ன சொல்றது.

இன்னைக்கு பூரா காலியா இருக்குற புல்வெளிய தான் பாத்துட்டே இருந்தேன். நாளைக்கு காலைல இருந்து 2 லட்சம் பேர் இதுல வந்து படுக்கப் போறாங்க. பெரிய சைஸ் ஊரு ஒண்ணு, அஞ்சு நாளைக்கு மட்டும். 1970ல முதல் தடவை நடந்தப்ப டிக்கெட் 1 பவுண்டு, பண்ணைப் பால் ஃப்ரீ, வந்தது 1,500 பேர். அதை ஆரம்பிச்ச மைக்கேல் ஈவிஸுக்கு இப்ப 89 வயசு. இன்னமும் இது மாட்டுப் பண்ணை தான், அதை மறந்துட்டா இந்த குப்பை மேட்டர் எதுவுமே புரியாது.

பின்னு எல்லாம் பழைய ஆயில் டிரம், கையால பெயின்ட் அடிச்சது, ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணுல ஆக்டோபஸ், ஒண்ணுல யாரோ பாட்டி மூஞ்சி. போட்டோ எடுத்தே போன் சார்ஜ் பாதி போயிடுச்சு.

25 ஜூன், புதன்

காலைல 8 மணிக்கு கேட் தொறந்தாங்க. டிராலி, டிராலி, டிராலி. நாலு பேர் சேந்து ஒரு வண்டிய இழுத்துட்டு வராங்க, அதுல பீர் கேன் அட்டப்பெட்டி, மடக்கு நாற்காலி, ஏர் பெட், கசீபோன்னு ஒரு துணிப்பந்தல், எல்லாம் அப்படியே பிளாஸ்டிக் கவரோட, விலை ஸ்டிக்கர் கூட பிக்கல.

எங்க டீம் லீடர் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா, பல வருஷமா இதே வேலைக்கு வராங்க. அவங்க காலைல சொன்னது ஒண்ணே ஒண்ணு தான்: டென்ட்டை இங்கேயே விட்டுட்டுப் போகாதீங்கன்னு கிளம்புற நாள், திங்கக்கிழமை, பேசிப் புண்ணியம் இல்ல, அன்னைக்கு எவனுக்கும் காது கேக்காது, தூக்கம் இல்லாம தலைவலியோட பஸ்ஸ புடிக்க ஓடிட்டு இருப்பான், பேசணும்னா இன்னைக்கும் நாளைக்கும் பேசணும், அதுவும் கொடி புடிச்சுட்டு போகாம பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி போய் பேசணும்.

சரின்னு பென்னார்ட் ஹில் பக்கம் போனோம். மேட்டுல இருக்குற கேம்பிங், சின்னப் பசங்க ஜாஸ்தி, ராத்திரி பூரா சத்தம். கையில குப்பைப் பை ரெண்டு கலர்ல, ரீசைக்கிள் தனி, மத்தது தனி. அஞ்சு பசங்க, 19, 20 வயசு இருக்கும், டென்ட் போட்டுட்டு இருந்தாங்க. பைய குடுத்துட்டு சும்மா கேட்டேன், போகும்போது இதெல்லாம் எடுத்துட்டுப் போவீங்கல்லன்னு. ஒரு பையன் ரொம்ப நல்ல மனசோட சொல்றான், "இல்ல, விட்டுட்டுப் போனா சாரிட்டிக்காரங்க எடுத்து அகதிங்களுக்கு குடுப்பாங்கல்ல, அதான் புதுசாவே வாங்கிட்டு வந்தோம்"னு!

இது தான் உண்மையான எதிரி. சோம்பேறித்தனம் கூட ரெண்டாவது தான். தானம் பண்றோம்ங்கிற நிம்மதியோட குப்பை போடுறாங்க. நடக்குறது என்னன்னா, சாரிட்டிக்கு வர ஆளும் வண்டியும் கொஞ்சம், கிடக்குற டென்ட் ஏராளம், அதுல பாதி கம்பி உடைஞ்சது, பீர் ஊத்துனது, உள்ள எவனோ வாந்தி எடுத்தது. எடுக்க முடியுறது ரொம்ப ரொம்ப கம்மி. மிச்சம் எரிக்கவோ புதைக்கவோ தான் போகும். ரீசைக்கிளும் சுலபம் இல்ல, மேல பாலியஸ்டர், குச்சி ஃபைபர் கிளாஸ், கீழ விரிப்பு வேற பிளாஸ்டிக், எல்லாம் ஒண்ணா தைச்சு ஒட்டி வச்சிருக்கு, பிரிக்க உக்காந்தா கூலி கட்டாது.

அந்தப் பையன் மூஞ்சி கொஞ்சம் சுருங்கிடுச்சு. அப்ப ஏன் யாருமே எங்ககிட்ட சொல்லலன்னு கேட்டான். நியாயமான கேள்வி. இங்க இருக்குற சுயேச்சை ஃபெஸ்டிவல்களோட சங்கம் 2019ல ஒரு பிரச்சாரம் பண்ணுச்சு, பிரிட்டன் ஃபெஸ்டிவல்கள்ல வருஷத்துக்கு 2,50,000 டென்ட் அனாதையா விடப்படுது, ஒரு டென்ட்ல இருக்குற பிளாஸ்டிக் 8,750 ஸ்ட்ராவுக்கு சமம்னு. நியூஸ்ல எல்லாம் வந்துச்சு. ஆனா அப்ப இவனுக்கு 13 வயசு இருந்திருக்கும்.

26 ஜூன், வியாழன்

இன்னைக்கு நடந்தத கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நேத்து பாத்த பசங்கள்ல ரெண்டு பேர்ட்ட பாப்-அப் டென்ட். பையில இருந்து எடுத்து தூக்கிப் போட்டா பட்டுன்னு விரிஞ்சு நிக்கும், ரெண்டு செகண்ட் வேலை. மடிக்கிறது தான் சனியன். ஊர்ல பாதிப் பேருக்கு அதை திரும்ப பைக்குள்ள போடத் தெரியாது, திங்கக்கிழமை காலைல பத்து நிமிஷம் அதோட மல்லுக்கட்டிட்டு, மூஞ்சில ரெண்டு அடி வாங்கிட்டு, போடான்னு அங்கேயே விட்டுட்டுப் போயிடுவாங்க. கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, மடிக்கத் தெரியல அவ்ளோ தான்.

டீம் லீடர் அம்மாட்ட சொன்னேன், மடிக்க சொல்லித் தரலாமே, ஒரு டென்ட் வச்சு டெமோ காட்டலாமேன்னு. செய்யுன்னாங்க. சாயங்காலம் தண்ணி டேப் பக்கத்துல, அங்க தான் எல்லாரும் பாட்டில் ரொப்ப வரிசைல நிப்பாங்க, ஆரம்பிச்சோம். முதல்ல ஜிப்பை தொறந்து விடணும், இல்லாட்டி உள்ள இருக்குற காத்து வெளிய போகாது. அப்பறம் ரெண்டு பக்கத்தையும் சேத்து மசால் தோசை மாதிரி தட்டையா மடிச்சு, செங்குத்தா நிறுத்தி, மேல் முனைய புடிச்சு தரைய நோக்கி அழுத்தணும், அழுத்தும்போது நடுவுல வளையம் வெளிய பிதுங்கும், பயப்படாம அதை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி விட்டா தானா வட்டமா சுருங்கிடும், பட்டைய மாட்டிடலாம். சுருக்கம் என்னன்னா எதிர்த்து தள்ளக்கூடாது, அது எந்தப் பக்கம் வளையுதோ அந்தப் பக்கமே விடணும்.

கூட்டம் சேந்துடுச்சு. ஒரு பொண்ணு மொபைல்ல வீடியோ எடுத்து அவங்க குரூப்புல போட்டா. ஒரு அப்பா ரெண்டு குட்டிப் பசங்களோட வந்து, யாரு வேகமா மடிக்கிறதுன்னு போட்டி வச்சாரு, சின்னவன் ஜெயிச்சான். எங்க டீம்ல யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர் இருக்கார், லண்டன்ல இருந்து வந்தவர், அவர் பாத்துட்டு, "தம்பி, நோட்டீஸ் அடிக்கிறத விட இது நல்ல வேலை"ன்னார். எனக்கும் அதே தான் தோணிச்சு. பூமிய காப்பாத்துவோம்னு போர்டு வச்சா தலையாட்டிட்டு போயிடுவாங்க, மடிக்க கத்துக் குடுத்தா மடிப்பாங்க.

27 ஜூன், வெள்ளி

செம டயர்டு, சுருக்கமா. காலை ஷிஃப்ட் பிரமிட் ஸ்டேஜ், அதான் இங்க மெயின் மேடை, அதுக்கு முன்னாடி மைதானம். வரிசையா நின்னு கையில இடுக்கியோட நடக்கணும், கண்ணு கீழயே இருக்கணும். கேன் தான் முக்கால்வாசி. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் ரொம்ப கம்மி, 2019ல இருந்து இங்க அதை விக்கிறதே நிறுத்திட்டாங்க, அதுக்கு முன்ன ஒரே ஃபெஸ்டிவல்ல பத்து லட்சத்துக்கு மேல போகுமாம். கேக்காம கொள்ளாம ஒரு பொருளையே இல்லாம பண்ணிட்டா அறிவுரையே தேவைப்படல பாருங்க. அந்த வருஷம் இயற்கைப் படங்களுக்குப் பேர் போன டேவிட் அட்டன்பரோவே ஸ்டேஜ்ல ஏறி ஜனங்களுக்கு தேங்க்ஸ் சொன்னாரு.

சாயங்காலம் பாடகர் லூயிஸ் கபால்டி வந்தார், பேரே போடாம வச்சிருந்த ஸ்லாட்ல. அழுதுட்டு நின்ன கூட்டத்துக்கு நடுவுல குப்பைப் பையோட நானும் நின்னேன்.

28 ஜூன், சனி

வெயில்! இங்கிலாந்தா இது. சேறு இல்லாதது பெரிய நிம்மதி. சேறு வருஷத்துல தான் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு ஓடுவாங்க, ஈர டென்ட்டை எவன் முதுகுல சுமப்பான்.

இன்னைக்கு பிரிக்கிற ஷெட்ல டியூட்டி. பெல்ட் மேல வர்றத கையால பிரிக்கணும், கேன், அட்டை, கடைகள்ல தர மட்குற தட்டு, மரக் கரண்டி. நாத்தம் பழகிடும். வேப், அதான் எலக்ட்ரானிக் சிகரெட், வந்தா தான் எல்லாரும் கத்துவாங்க, உள்ள லித்தியம் பேட்டரி, நசுங்குனா தீப்பிடிக்கும். இந்த மாசம் 1ஆம் தேதியில இருந்து நாட்டுலயே யூஸ் அண்ட் த்ரோ வேப் விக்கிறது தடை, இருந்தும் பழைய ஸ்டாக் எங்கேருந்தோ வந்துட்டே இருக்கு. வெட் வைப்ஸ் அதுக்கு மேல, மட்கும்னு கவர்ல எழுதியிருக்கும், மட்கவே மட்காது.

மத்தியானம் ஆத்தோரம் நடந்தேன். ஒயிட்லேக்னு சின்ன ஆறு, பண்ணைக்குள்ளயே ஓடுது. கண்ட இடத்துல ஒண்ணுக்குப் போகாதீங்கன்னு எங்க பாத்தாலும் எழுதி வச்சிருக்காங்க, ஏதோ நாகரிகத்துக்காக சொல்றாங்கன்னு தான் நானும் நினைச்சேன். ஆனா 2019ல பாங்கர் யுனிவர்சிட்டி ஆளுங்க இந்த தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணிருக்காங்க, போதை மருந்து சாப்பிட்டவங்க சிறுநீர் வழியா எம்டிஎம்ஏ, கொக்கைன் எல்லாம் ஆத்துல கலந்திருக்கு, கொக்கைன் அளவு இங்க வாழுற அரிய விலாங்கு மீன பாதிக்கிற அளவுக்கு இருந்திருக்கு. விலாங்குக்கு எதுக்குய்யா அதெல்லாம். நூறடி நடந்தா டாய்லெட் இருக்கு, கம்போஸ்ட் டாய்லெட்னா ஒரு கை மரத்தூள் போட்டுட்டு வந்தா முடிஞ்சுது, அது பின்னால உரமாகுது.

ராத்திரி நீல் யங் பாதி கேட்டேன், பாதிலயே தூக்கம்.

29 ஜூன், ஞாயிறு

ராட் ஸ்டூவர்ட் பாட மைதானமே நிரம்பி வழியுது. நாங்க அந்த நேரம் கேம்பிங் பக்கம் கடைசி ரவுண்டு. டென்ட்ல ஆள் இருந்தா பேசுறது, இல்லாட்டி பை மட்டும் வாசல்ல சொருகி வைக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணை ஒரு விஷயம் சொன்னார். அவர் டென்மார்க்ல ராஸ்கில்ட ஃபெஸ்டிவலுக்கு போயிருக்கார். அங்க க்ளீன் அவுட் லவுட்னு ஒரு கேம்பிங் ஏரியா, கூட்டாளிங்களோட சேந்து இடத்த முன்கூட்டியே புடிச்சு வச்சுக்கலாம், ஆனா சுத்தமா வச்சிருந்து சுத்தமா விட்டுட்டுப் போவோம்னு ஒத்துக்கணும். நல்ல இடம் வேணும்ங்கிற ஆசையே வேலைய செஞ்சிடுது. இங்கயும் சில ஃபெஸ்டிவல்ல டிக்கெட்டோட டெபாசிட் வாங்கிட்டு, ரொம்புன குப்பைப் பைய காட்டுனா திருப்பித் தராங்க. எனக்கு டெபாசிட் மேல அவ்ளோ நம்பிக்கை இல்ல, 373 பவுண்டு குடுத்து வந்தவனுக்கு 10 பவுண்டு என்ன பெருசு, 30 பவுண்டு டென்ட்டையே தூக்கிப் போடுறான். இடம் புடிக்கிற ஐடியா தான் புடிச்சிருக்கு.

30 ஜூன், திங்கள்

சாயங்காலம் 6 மணிக்குள்ள எல்லாரும் கிளம்பணும். விடிகாலைலயே சூடு, டென்ட்டுக்குள்ள அடுப்பு, அதனால எல்லாரும் சீக்கிரமே எந்திரிச்சுட்டாங்க. வெயில் எங்களுக்கு இவ்ளோ உதவும்னு நினைக்கல.

பென்னார்ட் ஹில்லுக்கு தான் முதல்ல போனேன். உள்ளத சொல்றேன், பயந்துட்டே தான் போனேன். 2019ல நூத்துக்கு 99.3 டென்ட் வீட்டுக்குப் போச்சுன்னு ஃபெஸ்டிவல்லயே சொன்னாங்க, ஆனா 2 லட்சம் பேர் ஊர்ல மிச்சம் இருக்குற அந்த புள்ளிக்கணக்கே ஒரு மலை. இன்னைக்கு கண்ணுக்குத் தெரிஞ்ச வரை டென்ட் அங்கொண்ணும் இங்கொண்ணும் தான். நாற்காலி தான் கொடுமை. கால் உடைஞ்ச மடக்கு நாற்காலி, காத்து போன ஏர் பெட், எலும்புக்கூடா நிக்கிற கசீபோ, சக்கரம் போன டிராலி. டென்ட்டை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிச் சொல்லி அது மண்டைல ஏறிடுச்சு, நாற்காலியப் பத்தி யாரும் பேசவே இல்ல, அதனால நாற்காலி கணக்குல வரலன்னு நினைச்சுட்டாங்க போல.

அஞ்சு பசங்கள பாத்தேன். பாப்-அப் ரெண்டும் மடிச்சு முதுகுல. அந்த "சாரிட்டி" பையன் என்னைப் பாத்ததும் திரும்பி நின்னு முதுகக் காட்டுறான். அவங்க கசீபோ மட்டும் அங்கேயே நிக்குது, கம்பி வளைஞ்சுடுச்சாம். என்ன பண்ண, ஆளுக்கு ரெண்டு கம்பி புடிச்சு ரீசைக்ளிங் பாயின்ட் வரைக்கும் தூக்கிட்டு வாங்கடான்னேன், வந்தாங்க.

சிலர் ஒரு வார்த்தைக்கும் மசியல. ஒருத்தர், என் வயசு இருக்கும், டென்ட்டை உதைச்சு சாய்ச்சுட்டு, "இதுக்கு தானே உங்கள வச்சிருக்காங்க"ன்னுட்டு போனார். ஊர்ல ரயில்ல கேட்ட அதே டயலாக். மனுஷன் எங்கயும் மனுஷன் தான்.

1 ஜூலை, செவ்வாய்

கடைசி நாள். இனிமே கூலிக்கு வர்ற ஆளுங்க வாரக்கணக்குல இங்கேயே இருந்து மிச்சத்த பாப்பாங்க. காலைல வரிசையா நின்னு புல்லுக்குள்ள தேடுனோம், சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, கிளிட்டர், டென்ட் ஆணி. ஆணி தான் முக்கியம். டிராக்டர் பின்னால காந்தம் கட்டி மைதானம் பூரா இழுத்துட்டுப் போறாங்க, அப்படியும் தப்பிக்கிறத கையால எடுக்கணும். ஏன்னா மாடு மேயும்போது நாக்கால சுருட்டி இழுக்கும், புல்லோட ஆணி போச்சுன்னா அசை போடுற வயித்துல தங்கி குத்தும், சில சமயம் இதயம் பக்கம் வரைக்கும் போகும். நம்ம ஊர்ல மாட்டு வயித்துல இருந்து கிலோ கணக்குல பிளாஸ்டிக் எடுத்தத பாத்தவனுக்கு இதை விளக்க வேணாம். ஃபெஸ்டிவல் முடியுற வரைக்கும் மாடுங்க எல்லாம் ஷெட்ல தான், இந்த புல்லுக்காக வெயிட்டிங்.

அடுத்த வருஷம், 2026ல, ஃபெஸ்டிவல் கிடையாது. நிலத்துக்கு லீவு. 2018லயும் இப்படி விட்டாங்க.

டீம் லீடர் அம்மாட்ட நாற்காலி விஷயத்த சொன்னேன், அடுத்த தடவை பையோட சேத்து நாற்காலி, கசீபோன்னும் வாய் தொறந்து சொல்லணும்னு. நோட்புக் எடுத்து எழுதிக்கிட்டாங்க. அப்பறம் அவங்களே கேட்டாங்க, ஆகஸ்ட் பேங்க் ஹாலிடேக்கு ரெடிங் ஃபெஸ்டிவல் வருதே, பள்ளிக்கூட ரிசல்ட் வந்த கையோட முதல் தடவை டென்ட்ல படுக்க வர்ற பசங்க அங்க தான் ஜாஸ்தி, டென்ட் விட்டுட்டுப் போறதும் அங்க தான் ஜாஸ்தி, பாப்-அப் கிளாஸ் எடுக்க வரியான்னு. லீவு இருக்கான்னு பாக்கணும். பிரிஸ்டல் பஸ் வந்துடுச்சு, குளிச்சுட்டு தான் மிச்சம்.