சேற்றில் சிவக்கும் குருவிகள்

பங்குனியில் ஒரு விடியற்காலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகும் வழியில், மண்முனைப் பாலத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். மாரி வெள்ளம் வடிந்து வாவிக்கரை சேறாகக் கிடந்தது. அதில் நூற்றுக்கு மேல் சின்னக் குருவிகள், தலை நிமிராமல் குத்திக் குத்தித் தின்றன. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "மாரிக்கு முன்னம் வந்ததுகள் மனே. சித்திரை முடிய காணேலாது" என்றார்.

பைனாகுலரில் பார்த்தேன். வளைமூக்கு உள்ளான். மார்கழியில் சாம்பலாக இருந்த அதே குருவி; இப்போது சிலவற்றின் நெஞ்சில் செங்கல் நிறத் திட்டுகள். கல்யாணக் கோலம். கூடு கட்டுவதோ சைபீரியாவின் வட கோடியில்.

இத்தனை புழு இங்கே கிடக்க ஏன் போகவேண்டும்? எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி இது. அங்கே ஆனி மாதத்தில் பொழுது சாய்வதே இல்லை. பனி உருகிய ஈரநிலமெல்லாம் பூச்சி. இந்தக் குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவதில்லை. பொரித்த சில மணி நேரத்தில் தாமாகவே இரை பொறுக்கத் தொடங்கும். இருட்டாத பகல் அவற்றுக்குப் பெரிய வரம். பிறகு நிலம் உறைந்தால் அலகு இறங்காது. அதனால்தான் திரும்புகின்றன. குளிரைவிடப் பசிதான் பெரிய காரணம்.

சரி, புறப்படும் நேரம் எப்படித் தெரிகிறது? வடக்கே பகலின் நீளம் மாறுவது ஓர் அறிவிப்பு. மட்டக்களப்பிலோ ஆண்டு முழுக்கப் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஆய்வாளர், கதிர்க்குருவிகளை 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று மாறாமல் வைத்துப் பார்த்தார். வலசை போகும் பருவம் வந்ததும் அவை இரவில் கூண்டுக்குள் படபடத்தன. ஆண்டுக் கணக்கு உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. அதைப் படித்த நாளிலிருந்து இந்தக் குருவிகளைப் பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்போது தின்பதெல்லாம் கொழுப்பாகச் சேரும். வழிக்கு அதுதான் கட்டுச்சோறு. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் ஆகியவை திசை காட்டும். இளங்குருவிகளை நினைத்தால்தான் எனக்கு வியப்பு அடங்காது. பெரியவை முந்தி வந்துவிட, அவை பின்னால், போகாத ஊருக்குத் தாமாக வழி பிடித்து வருகின்றன.

மத்திய ஆசியப் பறவைப்பாதையின் தெற்கு முனை நம் தீவு. இதற்குக் கீழே கடல்தான். பாலத்துக்கு அப்பால் யாரோ கிரவல் கொட்டிக் கரையை நிரப்பியிருந்தார்கள். லாரித் தடம் இன்னும் ஈரமாக இருந்தது. நெஞ்சு பதறியது. அந்த இடத்தில் ஒரு குருவிகூட இல்லை.

புறப்படும்போது பெரியவரிடம், திரும்பி எப்போது வரும் என்று கேட்டேன்.

"ஆவணியில ஒண்டு ரெண்டு இறங்கும் மனே. அதுகளில இந்தச் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கிடக்கும்."