தெர்மாகோலில் சான் ஃபெலிப்பே: ஏணி எட்டாத கோட்டை

மலை ஒருவழியாக நின்றுவிட்டது. கார்தஹேனா துறைமுகத்தைக் காத்த சான் ஃபெலிப்பே கோட்டையையும், 1741 ஏப்ரல் 20 அன்று ஆங்கிலேயர் அதன்மேல் ஏறப் பார்த்துத் தோற்ற தாக்குதலையும் 1:400 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். உண்மையான குன்று சுமார் 40 மீட்டர் உயரம். என் பலகையில் பத்து சென்டிமீட்டர்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்பெயினோடு நடந்த போரில், இன்றைய கொலம்பியாவில் இருக்கும் இந்தத் துறைமுகத்தைப் பிடிக்க அட்மிரல் எட்வர்ட் வெர்னன் சுமார் 180 கப்பல்களோடு வந்தார். மாலுமிகளையும் சேர்த்தால் 25,000 பேருக்கு மேல். உள்ளே சில ஆயிரம் பேரும் ஆறு போர்க்கப்பல்களும்தான். அந்தக் கப்பல்களின் தளபதி பிளாஸ் டி லெசோ, முந்தைய போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, ஒரு கையும் விளங்காமல் போனவர். அதே 1741 மார்ச்சில்தான் இங்கே திருச்சிக் கோட்டை மராத்தியர் கைக்குப் போய், ஆற்காடு நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிப் சிறைப்பட்டார். அந்தக் குடும்பமே ஆட்டம் கண்டிருந்த நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கோட்டையைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது படங்களில் தெரிகிற பிரம்மாண்டமான சரிவுச் சுவர்களும் அடுக்கடுக்கான மேடைகளும் பெரும்பாலும் 1741க்குப் பிறகு, 1760களில் சேர்த்தவை. தாக்குதல் நடந்தபோது குன்றின் உச்சியில் இருந்தது 1657 வாக்கில் கட்டிய சின்னக் கோட்டை மட்டும். அதனால் என் பலகையில் பாதிக்கு மேல் வெறும் சரிவுதான். பார்க்கிறவர்கள் "கோட்டை இவ்வளவுதானா?" என்கிறார்கள். இவ்வளவுதான். அதையே பிடிக்க முடியவில்லை.

குன்றுக்குத் தெர்மாகோலை அடுக்கி, பிளேடால் சீவி, மேலே வால் புட்டி பூசினேன். வேலூர் வெயிலுக்குப் புட்டியைத் தடிமனாகப் போட்டால் மறுநாளே பாளம் பாளமாக வெடிக்கும். மெல்லிசாக ஒரு கை, அதன்மேல் ஈரத்துணி, காய்ந்ததும் அடுத்த கை. இப்படிச் செய்தால் நிற்கிறது. மண்ணுக்குப் பாலாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து ஃபெவிகாலில் தூவினேன். ஸ்பிரே பெயின்ட் மட்டும் வேண்டாம், தெர்மாகோலைத் தின்றுவிடும். அக்ரிலிக் போதும்.

ஏணிகள்தான் இந்த வேலையின் உயிர். குடியாத்தம் தீப்பெட்டிக் குச்சியின் மருந்தை நீக்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். இரண்டு துண்டையும் செல்லோடேப்பின் பசைப் பக்கத்தில் இணையாக ஒட்டி, ஃபெவிகாலில் தோய்த்த தையல் நூலைக் குறுக்கே வைத்தேன். காய்ந்ததும் ஓரத்தில் நீட்டிய நூலை நகவெட்டியால் வெட்டினால் படிகள் கச்சிதமாக வந்துவிடும். டேப்பை மெதுவாக உரித்துவிடலாம்.

அப்புறம் அகழி. லெசோ சுவரைச் சுற்றிப் பள்ளத்தை ஆழமாக்கச் சொன்னார் என்று ஸ்பானியர் சொல்கிறார்கள். ஏணிகள் குட்டையாகிப் போனதை ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். மாதிரியில் முதலில் பள்ளம் இல்லாமல் ஏணியைச் சாத்தினேன், கைப்பிடிச் சுவரைத் தொட்டது. பிறகு சுவரடியில் அரை சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தேன். அதே ஏணி, அதே சுவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் உடனே சொன்னான்: "மாமா, இப்ப மேல ஏறி நின்னாலும் கை எட்டாது." அரை சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் இரண்டு மீட்டர். ஓர் ஆளை விட உயரம். சுவரில் ஒரு கல்கூட ஏற்றாமல் மண்வெட்டியால் மட்டும் சுவரை உயர்த்தியிருக்கிறார்கள்!

ஆனால் ஏணியை மட்டும் குறை சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. பீரங்கி வைத்துச் சுவரை உடைத்த பிறகு ஏறுவதுதான் முறை. அதற்கு நாள் பிடிக்கும். மழைக்காலமும் மஞ்சள் காய்ச்சலும் நெருங்கின, வெர்னன் அவசரப்படுத்தினார். தரைப்படைத் தளபதி தாமஸ் வென்ட்வர்த்துக்கும் அவருக்கும் ஒத்தே போகவில்லை. கடைசியில் உடையாத சுவரை நோக்கி ஆட்களை அனுப்பினார்கள். வழிகாட்டி கொண்டுபோய்விட்டது செங்குத்தான பக்கம், ஏணி சுமந்தவர்கள் பின்வரிசையில், அதற்குள் பொழுதும் விடிந்துவிட்டது. செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 600 பேர். தோல்விச் செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கம் அடித்துவிட்டார்கள், வெர்னன் முன் லெசோ மண்டியிடுவது போல.

சுவரின் பார்வைக் கோணம் பிடிபட நம் வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நின்று நிறைய நேரம் பார்த்தேன். 1806இல் வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி, வாசல் அடைத்திருந்ததால் மேலிருந்தவர்கள் இறக்கிய கயிற்றைப் பிடித்துத்தான் இந்தச் சுவரில் ஏறினார். மேலே தன் ஆட்கள் இருந்ததால் அது நடந்தது. சான் ஃபெலிப்பேயில் மேலே இருந்தவர்கள் கையில் துப்பாக்கி.

சிப்பாய்களுக்குத் தென்னை ஈர்க்கை நாலு மில்லிமீட்டராக நறுக்கிச் சிவப்பில் தோய்க்கிறேன். தெற்குச் சரிவு நிரம்பிவிட்டது, வடக்குச் சரிவு பாக்கி. அடுத்தது போக்காசிக்கா கால்வாய், வெர்னனின் கப்பல்கள் உள்ளே நுழைந்த வழி. அதற்குத் தனிப் பலகை அறுத்து வைத்திருக்கிறேன். கடலுக்கு ரெசின் ஊற்ற வேண்டும். இந்தச் சூட்டில் கலக்கும்போதே இறுகிவிடும் என்பதால், ஆடி மழைக்குப் பிறகு ஒரு ராத்திரியில்தான் ஊற்றப் போகிறேன்.